வீட்டில் கட்டும் விமானம் எப்போது பறக்கும்?

அமெரிக்காவில் வீட்டுக் கராஜில் விமானம் கட்டுகிறவர்களிடம் அக்கம்பக்கத்தார் முதலில் கேட்பது, “எப்போது முடியும்?” என்பதுதான். கட்டுவதற்கான பாகங்களைக் ‘கிட்’டாக விற்கும் நிறுவனம் இதற்கு மணிக்கணக்கில் பதில் சொல்கிறது; கட்டுகிறவர் ஆண்டுக்கணக்கில் சொல்கிறார். இரண்டு பேர் அமரும் அலுமினிய விமானம் ஒன்றுக்கு 1,500 முதல் 2,000 மணி நேர உழைப்பு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இதையே வேலையாகச் செய்தால் ஓராண்டில் முடிந்துவிடும். நடைமுறையில் நான்கு, ஐந்து, சில சமயம் பத்து ஆண்டுகள்கூட ஆகின்றன. பாதியில் நின்று வேறொருவர் கைக்கு மாறும் விமானங்களும் ஏராளம். இந்தத் தாமதத்துக்கு உழைப்பு அதிகம் என்பதையே எல்லாரும் காரணமாகச் சொல்கிறார்கள். நூறாண்டு வரலாற்றைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. விமானங்களை நிறுத்தி வைத்தது உழைப்பைவிட, ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே வரும் காத்திருப்பும் ஐயமும்தான். அவற்றைக் குறைத்தவர்களின் விமானங்கள் பறந்தன. மணி நேரத்தை மட்டும் குறைப்பதாகச் சொன்னவர்களின் விமானங்கள் பெரும்பாலும் தரையிலேயே கிடந்தன.

தொடக்க காலத்தில் கிட் கிடையாது, வரைபடம் மட்டும்தான். பாரிஸில் வாழ்ந்த பிரேசில்காரரான ஆல்பெர்டோ சாண்டோஸ்-டூமோன் தம்முடைய ‘டெமுவாசெல்’ என்ற சிறு விமானத்துக்குக் காப்புரிமை கோரவில்லை. 1910-ல் ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’ இதழ் அதன் வரைபடங்களை வெளியிட்டது. ஆனால் வரைபடம் கிடைத்தவருக்கெல்லாம் என்ஜின் கிடைத்துவிடவில்லை. அந்த முடிச்சை நன்றாகப் புரிந்துகொண்டவர் மினசோட்டா மாநிலத்தில் செர்ரி க்ரோவ் என்ற சிற்றூரில் வாழ்ந்த பெர்னார்ட் பீட்டன்பால். 1929-ல் அவர் ஃபோர்டு மாடல் ஏ காரின் என்ஜினைப் பூட்டி ‘ஏர் கேம்பர்’ என்ற இரட்டை இருக்கை விமானத்தைப் பறக்கவிட்டார். அது கனமான என்ஜின். அந்தக் கனத்துக்கு ஏற்ற வலுவும் அதில் இல்லை. ஆனால் அமெரிக்காவில் எந்த ஊரிலும் அது கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்தவரும் அங்கேயே இருப்பார். மரம், துணி, பசை, கார் என்ஜின் என எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் வேலை நடுவில் நிற்க வேண்டிய அவசியம் குறைந்தது. ஏர் கேம்பரை இன்றும் கட்டுகிறார்கள் என்றால் அதற்கு இதுவே பெரிய காரணம் என்பேன். அதே காலத்தில் சிகாகோவில் எட் ஹீத் தம் ‘பாரசோல்’ விமானத்தின் பாகங்களைக் கிட்டாகவே விற்றார். அவருடைய நிறுவனம் பின்னாளில் கை மாறி, ரேடியோக் கிட்டுகளுக்குப் பேர் பெற்றது.

பிரான்சில் ஆன்றி மின்யே இன்னும் துணிந்து இறங்கினார். 1933-ல் அவர் பறக்கவிட்ட ‘பூ-டு-சியேல்’ என்ற ஒற்றை இருக்கை விமானத்தைச் சாதாரணத் தச்சு வேலை தெரிந்த எவரும் கட்டிவிடலாம். மறுஆண்டே அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். 1935-ல் அது ஆங்கிலத்தில் வந்ததும் பிரிட்டனில் ஊருக்கு ஊர் ஆட்கள் இதைக் கட்டத் தொடங்கினார்கள். வேகமாகக் கட்டினார்கள், வேகமாகப் பறந்தார்கள், சிலர் இறந்தும் போனார்கள். குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் மூக்கு தாழ்ந்துவிட்டால், முன்னும் பின்னுமாக இருந்த இரு இறக்கைகளின் காற்றோட்டம் ஒன்றையொன்று பாதித்து விமானம் மீண்டும் நிமிராது என்பது காற்றுச்சுரங்கச் சோதனைகளில் தெரியவந்தது. அதன் பிறகு அந்த வடிவத்துக்குப் பறக்கத் தடை வந்தது. கட்டி முடிக்கும் வேகம் வேறு, பறக்கத் தகுதியாகும் காலம் வேறு என்பதை இந்தத் துறை உயிர்களைக் கொடுத்துத் தெரிந்துகொண்டது.

அமெரிக்காவிலும் சட்டம் இறுகியது. மத்திய அரசின் விமான விதிகள் 1930-களில் ஒவ்வொன்றாக வர, வீட்டில் கட்டிய விமானங்களுக்கு இடமில்லாமல் போயிற்று. தனக்கென மாநில உரிம முறை வைத்திருந்த ஆரிகன் மட்டும் அவற்றைக் காப்பாற்றி வந்தது. அந்த மாநிலத்தைச் சேர்ந்த ஜார்ஜ் போகார்டஸ், ‘லிட்டில் ஜீ பீ’ என்ற தம் சிறு விமானத்தை 1947-ல் கண்டத்தின் குறுக்கே ஓட்டிக்கொண்டு வாஷிங்டன் போய், இத்தகைய விமானங்களுக்குத் தனி வகை வேண்டும் என்று அதிகாரிகளிடம் வாதாடினார். அந்த விமானம் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவரைப் போன்றவர்களின் விடாமுயற்சியால் 1950-களின் தொடக்கத்தில் அந்த வகை நிலைபெற்றது. 1953 ஜனவரியில் பால் போபரெஸ்னி விஸ்கான்சினில் இத்தகைய விமானங்களைக் கட்டுகிறவர்களுக்காக இஏஏ என்ற சங்கத்தைத் தொடங்கினார். இங்கே கவனிக்க வேண்டியது சட்டம் வைத்த நிபந்தனை. விமானத்தின் பெரும்பகுதியை, சொந்தக் கல்விக்கோ பொழுதுபோக்குக்கோ இதில் இறங்கியவர்களே செய்து பூட்டியிருக்க வேண்டும். பேச்சு வழக்கில் இதை 51 சதவீத விதி என்கிறார்கள். தொழிற்சாலை விமானத்துக்கு வடிவச் சான்றிதழ் தரும் உரிமையை இங்கே கட்டியவரின் உழைப்பு தருகிறது. ஆகவே உழைப்பை ஓரளவுக்கு மேல் குறைக்கவே முடியாது. கிட் விற்பவர்கள் குறைக்கக்கூடியது மற்றதைத்தான்.

இதைக் கணிக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜிம் பீடின் பிடி-5 ஒரு பாடம். கேன்சஸ் மாநிலத்தில் நியூட்டன் நகரில் உருவான அந்த ஒற்றை இருக்கை விமானம் பார்ப்பதற்கே மனத்தை அள்ளும். மிகச் சிறியது, பின்னால் புரொப்பெல்லர், கண்ணாடிக்கடியில் சாய்ந்து படுத்தாற்போல் விமானி. அதன் ஜெட் வடிவத்தை 1983-ல் வந்த ‘ஆக்டோபுசி’ ஜேம்ஸ் பாண்ட் படத்தின் தொடக்கத்தில் பலர் பார்த்திருப்பார்கள். விலை குறைவு, கட்டுவதும் எளிது என்று விளம்பரங்கள் கூறின. 1971-ல், முதல் மாதிரி பறப்பதற்கு முன்பே, நூற்றுக்கணக்கானோர் 200 டாலர் முன்பணம் கட்டி வரிசையில் நின்றார்கள். மொத்தம் 5,000-க்கும் மேற்பட்ட கிட்டுகள் விற்றன. பெட்டிகள் வந்தன, என்ஜின் வரவில்லை. பொருத்தமான என்ஜினைத் தேடி நிறுவனம் ஒன்று மாற்றி ஒன்றாக முயன்றது. கடைசியில் நம்பியிருந்த ஜெர்மனியின் ஹிர்த் நிறுவனமும் நொடித்துப் போனது. ஜப்பானிய என்ஜின் ஒன்றை ஏற்பாடு செய்து முடிப்பதற்குள் பீடின் நிறுவனமே 1979-ல் திவாலானது. முடித்துப் பறக்கவிடப்பட்டவை சில நூறுதான். அந்த விமானத்தைக் கட்டத் தேவைப்பட்ட மணி நேரம் மிதமிஞ்சியதல்ல. உடற்பகுதியை முடித்துவிட்டு, என்ஜின் இடம் வெறுமையாக, ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களின் ஆர்வம் வற்றிப்போனதுதான் அங்கே நடந்தது. ஒருமுறை கருவிகளைத் துடைத்து அடுக்கி வைத்துவிட்டவர் மீண்டும் கையில் எடுப்பது அரிது.

விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டன் எதிர்த் திசையில் போனார். 1975-ல் பறந்த அவருடைய ‘வேரிஈஸி’க்கு அச்சு தேவையில்லை. நுரைக் கட்டையைச் சூடான கம்பியால் இறக்கை வடிவில் அறுத்து, அதன்மேல் கண்ணாடி இழைத் துணியைப் பிசினோடு போர்த்தினால் போதும். அமைப்பு சீக்கிரம் உருவாகிவிடும். தேய்த்து வழவழப்பாக்கும் வேலை மட்டும் முடிவில்லாமல் நீளும். “தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டது, இன்னும் தொண்ணூறு சதவீதம் பாக்கி” என்று விமானம் கட்டுகிறவர்கள் சொல்லும் வாசகம் இந்தத் தேய்ப்புக்கு அப்படியே பொருந்தும். இருந்தும் அந்த வகை விமானங்கள் ஏராளமாகப் பறந்தன. வேண்டிய பொருள்களெல்லாம் கடையில் கிடைத்தன, ரூட்டனின் கையேடு ஒவ்வொரு படியையும் பக்கத்தில் நின்று சொல்வதுபோல் விளக்கியது.

இந்த வரலாற்றில் நான் அதிகம் மதிப்பது ஆரிகனில் ரிச்சர்ட் வான்க்ரன்ஸ்வன் செய்த வேலையை. அவருடைய ஆர்வி-3 முதலில் பறந்தது 1971-ல், அதாவது பிடி-5 பறந்த அதே ஆண்டில். அவர் கட்டும் நேரத்தைப் பற்றிப் பெரிய வாக்குறுதி எதுவும் தரவில்லை. இன்று அவர் வடிவமைத்த ஆர்வி வரிசையில் 11,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் பறந்துவிட்டன. காரணத்தை ஓர் இறக்கைத் தகட்டை அருகில் போய்ப் பார்த்தால் விளங்கும். தொடக்க காலக் கிட்டுகளில் தகடும் விலாச் சட்டங்களும் வரும், துளைகள் இருக்காது. கட்டுகிறவர் மரத்தில் ஜிக் என்ற தாங்குசட்டம் ஒன்று அமைத்து, தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்து, இறக்கை முறுக்கில்லாமல் நிற்கிறதா என்று பார்த்து, கோடு கிழித்து, துளையிட வேண்டும். ஒவ்வொரு துளையிலும் பிசிறு நீக்கி, ரிவெட்டின் தலை தகட்டோடு சமமாக உட்காரும்படி குழிவு போட்டு, ஒருவர் வெளியிலிருந்து காற்றுத் துப்பாக்கியால் அடிக்க, மற்றவர் உள்ளே கையை நுழைத்துக் கனத்த இரும்புத் துண்டை அண்டை கொடுக்க வேண்டும். ஒரு விமானத்தில் இப்படி ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள். பின்னர் கணினி எந்திரங்களால் துளையிட்ட பாகங்கள் வந்தன. 2001-ல் வெளியான ஆர்வி-7 காலத்தில், எதிரெதிர்ப் பாகங்களின் துளைகள் தாமாகவே நேர்கோட்டில் வந்து நிற்கும் அளவுக்கு முறை தேறியது. துளைகள் பொருந்தினால் இறக்கை நேராக இருக்கிறது என்று பொருள். ரிவெட் அடிப்பது போகவில்லை, பிசிறு நீக்குவதும் போகவில்லை. போனது, “நான் அளந்தது சரியா?” என்று மூன்று நாள் தயங்கி நிற்கும் நிலை. அந்தத் தயக்கம் எந்த மணிக்கணக்கிலும் ஏறாது. பல வீடுகளில் வேலையை நிறுத்தியது அதுவே.

அப்படியானால் பணத்துக்கு இதில் பங்கில்லையா என்று கேட்கலாம். கட்டாயம் உண்டு. என்ஜினும் கருவிப் பலகையும் சேர்ந்தால் கிட்டின் விலையையே தாண்டிவிடும். ஆனால் பணமும் காத்திருப்பின் வழியாகத்தான் காலத்தைத் தின்கிறது. அதனால்தான் ஆர்வி கிட் வால் பகுதி, இறக்கை, உடற்பகுதி, முடிப்பு எனப் பிரித்து விற்கப்படுகிறது. வால் பகுதியைக் கட்டும் மாதங்களில் இறக்கைக்குப் பணம் சேர்க்கலாம். இந்த வேலை தமக்கு ஒத்துவராது என்று கண்டவர் சிறு நட்டத்தோடு விலகிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன்.

இன்னொரு மறுப்பு சற்று வலுவானது. 2014-ல் ஆஷ்காஷ் விமானத் திருவிழாவில் ஸெனித் சிஎச் 750 விமானம் ஒன்று ஏழு நாளில் பொதுமக்கள் கையால் கட்டி முடிக்கப்பட்டது. 2018-ல் ஆர்வி-12 ஒன்று அதேபோல் உருவானது. காசு கொடுத்தால் நிபுணர்களின் பட்டறைக்கே போய், அவர்கள் அருகிருந்து வழிகாட்ட, இரண்டு வாரத்தில் பெரும்பகுதி வேலையை முடிக்கும் திட்டங்களும் உண்டு. உழைப்புதான் தடை என்று இவை காட்டவில்லையா? எனக்கு இவை நேர்மாறானதைக் காட்டுகின்றன. அந்தத் திருவிழாவில் ஆயிரக்கணக்கானோர் வந்து ஆளுக்கொரு ரிவெட் போட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் எல்லாப் பாகமும் முன்னதாகவே வந்து காத்திருந்தது, அடுத்து எது என்பதை அனுபவசாலிகள் வரிசைப்படுத்தி வைத்திருந்தார்கள். உழைப்பு அப்படியே இருக்க, இடைவெளிதான் மறைந்தது. கூலிக்கு ஆள் வைத்து முழு விமானத்தையும் கட்டுவிக்கும் போக்கு வளர்ந்தபோது, 2008-09-ல் அமெரிக்க விமானத் துறை விதிகளை மீண்டும் தெளிவாக்கி இறுக்கியதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உழைப்பு சட்டத்துக்கான சடங்கு மட்டுமா என்றால், அதுவும் இல்லை. விமானத்தைக் கட்டியவருக்கு, அந்த ஒரு விமானத்தை ஆண்டுதோறும் தாமே ஆய்வு செய்து சான்றளிக்கும் உரிமை கிடைக்கிறது. விமானத்தை விற்றால் அந்த உரிமை வாங்கியவருக்குப் போகாது. 2012-ல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. பொது விமானங்களில் ஏறத்தாழ 10 சதவீதமே உள்ள இந்த வகை, 2011-ல் உயிர்ப்பலி கொண்ட விபத்துகளில் 21 சதவீதத்துக்குக் காரணமாக இருந்தது. அந்த ஆண்டு விபத்துக்குள்ளான வீட்டு விமானங்களில் பாதிக்கும் மேற்பட்டவை, இன்னொருவர் கட்டியதை வாங்கியவர்களுடையவை. வேலை முடிந்த பிறகும் அவசரம் ஆகாது என்பதால்தான் ஆய்வாளர் வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுத்த பின்னரும் 25 அல்லது 40 மணி நேரச் சோதனைப் பறப்பு விதிக்கப்பட்டிருக்கிறது. குறிப்பிட்ட எல்லைக்குள் மட்டும், பயணிகள் இல்லாமல். அதற்கும் பல மாதங்கள் ஆகலாம்.

பாதுகாப்பான முறை என்று நினைத்ததும் தடுமாறலாம். 2023-ல் ஆர்வி கிட்டுகளின் சில பாகங்களில், லேசரால் வெட்டிய துளைகளைச் சுற்றி விரிசல் விடுவது தெரியவந்தது. கட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்தி மாற்றுப் பாகங்களுக்குக் காத்திருந்தார்கள். அந்த டிசம்பரில் நிறுவனம் திவால் பாதுகாப்புக்கு மனு செய்து, 2024-ல் மீண்டு வந்தது. அந்தக் காலத்தில் ஒரு விமானத்தின் மணிக்கணக்கு மாறவில்லை. முடியும் ஆண்டு மட்டும் தள்ளிப் போயிற்று. வாரத்துக்கு 10 மணி நேரம் இடைவிடாமல் கொடுத்தால் 1,500 மணி நேரம் மூன்றாண்டில் தீரும். ஆகவே கிட் வாங்க நினைப்பவர் நிறுவனத்திடம் கட்ட எத்தனை மணி நேரம் என்று கேட்பதோடு நிற்க வேண்டாம். அடுத்த பெட்டி எப்போது வரும், என்ஜின் எந்த மாதம் கைக்குக் கிடைக்கும், இதுவரை விற்றவற்றில் எத்தனை பறந்தன என்று கேளுங்கள். பதில் எழுத்தில் கிடைக்காவிட்டால் முன்பணம் கட்டாதீர்கள்.