விழுந்த மரத்துக்கு யார் பொறுப்பு?

பக்கத்து வீட்டு மரம் உங்கள் கார் மேல் விழுந்துவிட்டது. செலவை யார் தரணும்? "மரம் அவருடையது, அவர்தான் தரணும்" என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சட்டம் அப்படிச் சொல்வதில்லை. ஏன் என்று தேடினால் கதை இங்கிலாந்தில் ஆரம்பிக்கிறது.

1868-ல் ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர் வழக்கில் பிரபுக்கள் சபை கறாரான ஒரு விதியை உறுதி செய்தது. ஆபத்தான ஒன்றைத் தன் நிலத்தில் கொண்டுவந்து சேர்த்தவர், அது வெளியேறிச் சேதம் செய்தால், தன் மேல் தவறே இல்லாவிட்டாலும் ஈடு தரணும். அங்கே விஷயம் ஒரு நீர்த்தேக்கம். சரி, மரமும் இந்தக் கணக்கில் வருமா?

1926-ல் நோபிள் எதிர் ஹாரிசன் வழக்கில் பதில் கிடைத்தது. சாலைக்கு மேல் நீண்டிருந்த பீச் மரக்கிளை ஒன்று, புயல் காற்று எதுவும் இல்லாத நாளில் முறிந்து ஒரு மோட்டார் கோச் மேல் விழுந்தது. கீழ் நீதிமன்றம் நிலத்துக்காரர்தான் பொறுப்பு என்றது. மேல்முறையீட்டில் அது மாறியது. மரம் இருப்பது நிலத்தின் இயல்பான உபயோகம்தான். கிளைக்குள் இருந்த குறையை வெளியே இருந்து பார்த்து யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆகவே பொறுப்பில்லை.

1950-ல் பிரபுக்கள் சபைக்கு வந்த கேமினர் வழக்கு இன்னும் சுவாரசியம். லண்டனில் ஒரு பழைய எல்ம் மரம் கார் மேல் விழுந்தது. வேரில் நோய். மரத்துக்குப் பொறுப்பானவர்கள் அதைப் பரிசோதிக்கவே இல்லை. ஆனாலும் தப்பித்தார்கள். காரணம், சாதாரணமாகப் பரிசோதித்திருந்தாலும் அந்த நோய் தெரிந்திருக்காது!

1965-ல் க்வின் எதிர் ஸ்காட் வழக்கில் இதற்கு நேர் எதிர். நேஷனல் டிரஸ்ட் நிலத்தில் நின்ற பீச் மரம் சாலையில் விழுந்தது. அதன் உச்சியில் இலைகள் குறைந்து, மரம் நலிந்து வருவது முன்பே கண்ணுக்குத் தெரிந்தது. டிரஸ்ட்தான் பொறுப்பு என்று தீர்ப்பானது.

எங்க தொழில் பாஷையில் சொன்னால், யாருக்கும் தெரியாத பக் வேறு. டிக்கெட் போட்ட பிறகும் சரிசெய்யாத பக் வேறு. "மரம் யாருடையது" என்பதோடு கேள்வி முடியவில்லை. "உனக்குத் தெரிந்ததா, தெரிந்திருக்க வேண்டுமா" என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இந்தியாவிலும் இதே அளவுகோல்தான். 1964-ல் தில்லியில் ஸ்கூட்டரில் போன ஒருவர் மீது சாலையோர மரக்கிளை விழுந்து அவர் இறந்துபோனார். அது பட்டுப்போன மரம், பார்த்தாலே தெரியும். மாநகராட்சிதான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 1999-ல். 35 வருஷம்!

அதனால் பக்கத்து வீட்டு மரம் காய்ந்துகொண்டே வந்தால், மதில் மேல் எட்டிப் பார்த்துச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். தேதி போட்டு, போட்டோ வைத்து எழுதிக் கொடுங்கள். அதற்குப் பிறகு "எனக்குத் தெரியாதே" என்று அவரால் சொல்ல முடியாது. அதே மாதிரி ஒரு கடிதம் உங்களுக்கு வந்தால், அன்றைக்கே மரம் வெட்டும் ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.