கொன்சல் கதிரையும் கடன்பட்டவர்களும்

உரோம் எண்டால் எங்களில் பலருக்குச் சீசர்தான் முதலில் ஞாபகம் வருவார். அவருக்கு ஏறத்தாழ 300 வருடங்களுக்கு முன்னர் அதே நகரத்தில் நடந்த ஒரு நீண்ட இழுபறியைப் பற்றித்தான் இங்கே கதைக்கப் போகிறோம்.

மன்னரைத் துரத்திவிட்டு, வருடத்துக்கு இரண்டு கொன்சல்களைத் தெரிவுசெய்யும் குடியரசை உரோமர் அமைத்தார்கள். ஆனால் அந்தக் கதிரை நாளடைவில் பற்றீசியர் எனப்பட்ட சில பழைய குடும்பங்களின் முதுசம் மாதிரி ஆகிவிட்டது. மற்றவர்கள் பிளெபியர். கி.மு. 450 அளவில் எழுதப்பட்ட பன்னிரு பலகைச் சட்டத்தின்படி, கடனைக் கட்ட முடியாதவருக்கு 30 நாள் தவணை. பிறகு 60 நாள் சங்கிலியில் கட்டிவைக்கலாம். அதற்கும் காசு வரவில்லையெண்டால் திபெர் ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோய் அடிமையாக விற்கலாம்.

பிளெபியர் எல்லோரும் ஏழைகள் எண்டு நினைத்துவிடக் கூடாது. அவர்களுக்குள்ளும் நிலபுலம் உள்ள பெரிய குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்குக் குறை கடனில்லை, பதவி. ஏழைகளுக்கோ பதவியைப் பற்றிக் கவலையே இல்லை, கடன்தான்.

இந்த இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டவர்கள் லிசினியஸ் ஸ்டோலோ, லூசியஸ் செக்ஸ்டியஸ் என்ற இரு திரிபியூன்கள். திரிபியூன் என்பது, கி.மு. 494 இல் பிளெபியர் நகரத்தை விட்டு வெளியேறி ஒரு குன்றில் போய்க் குந்தியிருந்து வென்றெடுத்த பதவி. இவர்கள் கேட்டவை மூன்று. கட்டிய வட்டியை முதலில் கழித்து மிச்சத்தை மூன்று வருடத்தில் கட்டலாம். பொதுநிலத்தில் ஒருவர் 500 யூகெராவுக்கு, அதாவது ஏறத்தாழ 310 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கொன்சல்களில் ஒருவர் பிளெபியராக இருக்க வேண்டும்.

லிசினியஸின் மனைவி ஃபாபியா, தன் அக்கா வீட்டுக் கதவை அதிகாரியின் சேவகன் தடியால் தட்டிய சத்தத்துக்குத் திடுக்கிட்டதாகவும், அக்கா சிரித்த அவமானத்தில்தான் எல்லாம் தொடங்கியதாகவும் லிவி எழுதுகிறார். எங்களுக்கு நம்பிக்கை இல்லை. அவளுடைய அப்பாவே அந்தப் பதவியில் இருந்தவர். அந்தச் சத்தம் அவளுக்குப் புதிதா என்ன? ஆனால் லிவி சொல்லும் இன்னொன்று உண்மையாகவே படுகிறது. மக்கள் கடன், நிலச் சட்டங்களை மட்டும் நிறைவேற்றத் தயாராக இருந்தார்களாம், கொன்சல் விஷயத்தில் அவ்வளவு ஆர்வம் இல்லை. திரிபியூன்கள் இருவரும் விடவில்லை. மூன்றும் வேண்டும், இல்லையெண்டால் ஒன்றுமே இல்லை எண்டு நின்றார்கள். பத்துத் தடவை தொடர்ந்து தெரிவாகி, கி.மு. 367 இல் வென்றார்கள்.

அடுத்த வருடமே செக்ஸ்டியஸ் கொன்சல். பற்றீசியரும் சும்மா விடுகிற ஆக்களா? அதே நேரம் பிரீட்டர் என்றொரு புதிய பதவியை உண்டாக்கி, வழக்கு விசாரிக்கும் அதிகாரத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். அதிலும் ஒரு பிளெபியர் அமர கி.மு. 337 ஆகிவிட்டது. இடையில், 356 இல் மார்சியஸ் ரூட்டிலஸ் முதல் பிளெபியச் சர்வாதிகாரியானார்.

ஸ்டோலோ? கி.மு. 357 இல் அவருக்கு அபராதம். தன் சட்டத்தையே மீறி, மகனைச் சட்டப்படி தனிக்குடியாகப் பிரித்து, இரண்டு பேர் பெயரிலுமாக 1,000 யூகெரா வைத்திருந்தாராம்.

கடனுக்கு ஆளைக் கட்டிவைக்கும் வழக்கத்தைப் போய்டீலியச் சட்டம் நிறுத்தியது கி.மு. 326 இல் எண்டு லிவி கணக்கு வைக்கிறார். செக்ஸ்டியஸ் கதிரையில் ஏறி அப்போது 40 வருடம்.