கித்தா: ஒரு பெயரின் ஒட்டும் பசையும்

மலாக்காவில் ஜாசின், அசஹான், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களிடம் 'ரப்பர் மரம்' என்றால் புரியாமல் போகாது. ஆனால் அவர்கள் வாயில் வருவது 'கித்தா மரம்'தான். கித்தாக் காடு, கித்தா விலை என்றே பேசிப் பழகியவர்கள். அகராதியைப் புரட்டினால் 'கித்தான்' கிடைக்கும். அது முரட்டுத் துணி, இதற்கு உறவில்லை.

கித்தாவுக்கு மூலம் மலாய்ச் சொல்லான 'கெத்தா'. மலாய்க்காரருக்கு அது ரப்பர் மட்டுமல்ல. மரத்திலோ காயிலோ கசிந்து, கையில் பட்டால் விடாமல் ஒட்டுகிற எதுவும் கெத்தாதான். ஒருவர் பலாப்பழம் தின்றால் எல்லார் மேலும் கெத்தா என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. அங்கே ஒட்டுவது பலாப் பிசின். முதலெழுத்தில் தெளிவில்லாமல் ஒலிக்கும் உயிரைத் தமிழ் நாக்கு இகரமாக்கிக்கொண்டது. கடைசி ஹகரத்தை விழுங்கிவிட்டது. 'கம்போங்' நம்மிடம் கம்பம் ஆனதும் இப்படி நாக்குக்கு ஏற்ப வளைத்ததால்தான்.

ஆங்கிலேயரும் இதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள், வேறொரு மரத்துக்காக. தாபான் மரத்தின் பிசினான 'கெத்தா பெர்ச்சா' அவர்களிடம் 'கட்டா பெர்ச்சா' ஆனது. லத்தீனில் 'கட்டா' என்றால் துளி. எழுத்தும் அந்தச் சாயலிலேயே அமைந்துவிட்டது. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு இதுதான் உறை. வெயிலும் காற்றும் பட்டால் நொறுங்கிவிடும் இந்தப் பிசின், கடலடியின் குளிரிலும் இருட்டிலும் பல்லாண்டு தாங்கியது. இரண்டு கெத்தாக்களும் ஐசோப்ரீன் என்ற ஒரே கண்ணியைக் கோத்த நீண்ட சங்கிலிகள். கோத்த வாட்டம் மட்டும் வேறு. அதனால் கித்தா இழுபடுகிறது, கட்டா பெர்ச்சா விறைக்கிறது.

பிரேசிலிலிருந்து 1876இல் விதையாகக் கிளம்பி, மறு ஆண்டு சிங்கப்பூருக்குக் கன்றாக வந்த கித்தா மரத்தை மலாயாவில் முதலில் தோட்டமாக வைத்த இடங்களில் மலாக்காவும் ஒன்று. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி தூண்ட, டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். அடுத்து புக்கிட் அசஹானில் பெரிய அளவில். வெட்டு வேலைக்கு வந்த தமிழர், மரத்தின் பெயரை மலாயிலிருந்து வாங்கிக்கொண்டாலும் அதில் ஒழுகியதற்கு யாரிடமும் கடன் கேட்கவில்லை. எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் தெரிந்தவர்கள். பார்த்ததும் பால் என்றார்கள். பால் பிடிக்கும் மங்கில் உறைந்தால் கட்டிப்பால், பட்டையில் உளி கீறிய கோட்டோடு காய்ந்தால் கோட்டுப்பால். அதுவே செருப்பாகவும் டயராகவும் திரும்பி வந்தால்தான் ரப்பர். பென்சில் எழுத்தைத் தேய்த்து அழிப்பதால் ஆங்கிலத்தில் வந்த பெயர் அது; 1770இல் பிரீஸ்ட்லி அந்தப் பயனைக் குறித்து வைத்தார். பள்ளிப் பிள்ளையின் பெட்டியில் கிடக்கும் ரப்பர்தான் அந்தச் சொல்லுக்கு மூத்த உரிமையாளர்.

பாலுக்கும் ரப்பருக்கும் நடுவே நெருப்பு நின்றது. 1839இல் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கியபோது தனித்தனிச் சங்கிலிகள் குறுக்கே முடிச்சுப் போட்டுக்கொண்டன. அதற்கு ரோமர்களின் தீக்கடவுள் வல்கன் பெயரால் 'வல்கனைஸ்' என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன் செய்த ரப்பர் பொருள்கள் கோடையில் இளகி ஒட்டின. மலாய்ச் சொல்லின் முதற்பொருளுக்கே திரும்பிப் போயின என்பேன்.

கதிர்வீச்சு இந்த முடிச்சைக் கந்தகமில்லாமலே போடும். கோபால்ட்-60இன் காமாக் கதிர் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜனைத் தட்டிவிடும். அப்படி ஊனமான இரண்டு இடங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அதே கதிர் சங்கிலியை அறுக்கவும் செய்யும். எது மிஞ்சும் என்பது பொருளைப் பொறுத்தது. பாலித்தீனிலும் கித்தாவிலும் முடிச்சு மிஞ்சுகிறது. டெஃப்லானும் பியூட்டைல் ரப்பரும் அறுந்து கெடுகின்றன. கூடவே ஆக்சிஜன் இருந்தால் கித்தாவிலும் அறுப்பின் கை ஓங்கும். வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றும் சேர்ந்து பழைய ரப்பர் வளையத்தைப் பிசுபிசுக்க வைப்பது இப்படித்தான்.

சிலாங்கூரின் பாங்கியில் உள்ள மலேசிய அணுசக்தி நிறுவனம் இந்த முடிச்சைப் பால் நிலையிலேயே போட்டுப் பார்த்தது. வெறும் பாலுக்கு 200 கிலோகிரேக்கு மேல் கதிர் வேண்டும். பியூட்டைல் அக்ரிலேட்டைக் கொஞ்சம் கலந்தால் சுமார் 15 போதும். கந்தக முறையில் சேர்க்கும் சில முடுக்கிகளிலிருந்து வரும் நைட்ரோசமின் என்ற தீங்கான பொருள் இதில் இல்லை என்பது கையுறை செய்வோருக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அந்த அக்ரிலேட்டின் மிச்ச வாடையைப் போக்குவது தனி வேலை.

தோட்டத்தார் போட்ட கித்தா, பால், ரப்பர் என்ற வரிசை இங்கேதான் குழம்புகிறது. கதிர் பட்ட பால் வாளியில் ஊற்றினால் பாலாகவே ஓடும். ஆனால் அதன் ஒவ்வொரு துகளும் உள்ளுக்குள் ஏற்கெனவே ரப்பர். அதிகாரபூர்வப் பெயரோ 'கதிர்வீச்சு வல்கனைஸ்'. தீயும் இல்லை, கந்தகமும் இல்லை. தீக்கடவுள் மட்டும் இடத்தைக் காலி செய்யவில்லை. 'கதிர்ப்பால்' என்று நான் எழுதிப் பார்க்கலாம். ஆலையில் டிரம்மை உருட்டுகிறவர் 'லேடெக்ஸ்' என்றுதான் சொல்லப்போகிறார்.