குமரிமுனைக்கு வந்த லென்ஸ்கள்



கடந்த ஒரு மாதமாக நம் வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரிக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்பட்ட விஷயம் கேமரா லென்ஸ். புதிதாகக் கேமரா வாங்கியிருக்கும் இரண்டு வீட்டார் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தார்கள்: ஊர் சுற்றவும் இயற்கைக் காட்சி எடுக்கவும் ஒரே ஒரு ஜூம் லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது? சங்க விழாக்களில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைபவன் என்பதால், பதிலை இதழில் எழுதச் சொல்லிவிட்டார் செயலாளர். நான் படித்தது பி.காம்., பார்த்தது வங்கி குமாஸ்தா வேலை. கடன் விண்ணப்பம் வந்தால் முதலில் பழைய லெட்ஜரைப் புரட்டுவது எங்கள் வழக்கம். இங்கேயும் அப்படியே தொடங்குகிறேன். இந்தக் கேள்வி நேற்று முளைத்ததல்ல. நம் தென்கோடிக்கு லென்ஸோடு வந்தவர்கள் இருநூறு வருஷத்துக்கும் மேலாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

புகைப்படம் என்ற ஒன்றே பிறக்காத 1792-ல், தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கிலேய ஓவியர்கள் சென்னையிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டார்கள். சித்தப்பாவும் அண்ணன் மகனும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் 'கேமரா அப்ஸ்க்யூரா' என்ற இருட்டுப்பெட்டி இருந்தது. முன்னால் ஒரு லென்ஸ். அதன் வழியே வரும் காட்சி உள்ளே காகிதத்தில் விழும். அதன்மேல் பென்சிலால் கோடு இழுத்துக்கொள்வார்கள். அவர்களுடைய 'ஓரியன்டல் சீனரி' தொகுப்பில் குமரிமுனை என்று பெயரிட்ட ஒரு படம் இருக்கிறது. எங்கிருந்து வரைந்தது என்று பார்த்தால், களக்காட்டுப் பக்கத்திலிருந்து! மலைக்கு அந்தப் புறம்; நேர்க்கோட்டில் அளந்தாலே இங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே இறங்கி வருவதைப் பார்த்து, அதற்கே குமரிமுனை என்று பெயர் போட்டுவிட்டார்கள். எவ்வளவு தொலைவில் நிற்கிறோம், அங்கிருந்து எதைக் காட்ட முடியும் என்ற கணக்கு அன்றே தொடங்கிவிட்டது.

1839-ல் புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த இருபது வருஷத்துக்குள் சென்னை மாகாண அரசு லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியைப் புகைப்படக்காரராக நியமித்தது. 1858-ல் அவர் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அக்காலத்தில் நெகட்டிவை விளையாட்டாகப் பெரிதாக்கிப் பிரிண்ட் போட முடியாது. படம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய நெகட்டிவ், அதற்கேற்ற பெட்டி, அதற்கேற்ற கனத்தில் லென்ஸ். எல்லாம் மாட்டு வண்டியில் போயிற்று. தஞ்சைப் பெரிய கோயிலின் அடிச்சுவரைச் சுற்றி ஓடும் கல்வெட்டை முழுதாகக் காட்ட வேண்டும் என்று நினைத்தார். அத்தனை அகலத்தையும் வாங்கிக்கொள்ளும் லென்ஸ் ஏது? கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கினார். இன்று உங்கள் பேரன் போனை இடமிருந்து வலமாகத் திருப்பி எடுக்கிறானே, அதே வேலைதான். செலவு அதிகம் என்று அரசாங்கம் கொஞ்ச காலத்திலேயே அந்தப் பதவியை மூடிவிட்டது. கணக்குப் பிள்ளை எந்தக் காலத்திலும் கணக்குப் பிள்ளைதான்.

அந்தச் சுற்றுப்பயணம் நாஞ்சில் நாட்டை எட்டவில்லை. நாம் அப்போது சென்னை மாகாணத்தில் இல்லை, திருவிதாங்கூரில் இருந்தோம். திருவிதாங்கூர் அரசின் புகைப்படக்காரராகப் பின்னால் வந்தவர் ஸக்காரியாஸ் டி குரூஸ். கர்சன் பிரபு வைஸ்ராயாக இருந்த காலத்தில், 1900-ஐ ஒட்டி, அவர் எடுத்த திருவிதாங்கூர் காட்சிகள் ஓர் ஆல்பமாயின. அது இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அரசுக்காக எடுத்த படங்களில் அரண்மனையும் கோயிலும் நீர்நிலையும்தான் முதலில் வரும். அதில் வியப்பில்லை. முக்காலியும் கண்ணாடித் தகடுகளும் பெட்டியும் தூக்க ஆள் வைத்துப் புறப்படுபவர், போகிற வழியில் வயல் வரப்பில் நின்று ஒரு படம் எடுப்பாரா? இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

சுமை என்றதும் சாமுவேல் போர்ன் நினைவுக்கு வருகிறார். 1864-ல் காஷ்மீர் மலைகளுக்குப் போனபோது அவர் சாமான்களைத் தூக்க 42 பேர் தேவைப்பட்டார்கள். இப்போது விமானத்தில் கைப்பை ஏழு கிலோ தாண்டினால் நாம் முகம் சுளிக்கிறோம்.

சுமையைக் குறைக்க அந்தக் காலத்தவர்கள் செய்த ஒரு தந்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், நகைப்பெட்டி மாதிரி ஒரு சிறு பெட்டிக்குள் நாலைந்து கண்ணாடிக் கூறுகளை வைத்து விற்றார்கள். குழாயின் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று திருகினால் ஒரு குவியத் தூரம். மாற்றித் திருகினால் வேறு குவியத் தூரம். நின்ற இடத்திலிருந்தே காட்சியை விரிக்கலாம், கிட்டே இழுக்கலாம். கழற்றிப் பூட்ட நேரம் பிடிக்கும் என்பதைத் தவிர, அது இன்றைய ஜூம் லென்ஸின் பாட்டிதான்.

உண்மையான ஜூம், அதாவது வளையத்தைத் திருப்பினால் உள்ளே கண்ணாடிகள் நகர்ந்து குவியத் தூரம் மாறும் லென்ஸ், முதலில் சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும்தான் பயன்பட்டது. சாதாரண 35 மி.மீ. ஸ்டில் கேமராவுக்கு அது 1959-ல் வந்தது. ஃபிராங்க் பேக் என்பவர் வடிவமைத்த ஃபோக்ட்லாண்டர் ஜூமார், 36 முதல் 82 மி.மீ. வரை. 1963-ல் நிக்கானின் 43–86 வந்தது. விலை கட்டுப்படியாகும்படி இருந்ததால் நிறையப் பேர் வாங்கினார்கள். தெளிவு போதாது என்று நிறையப் பேர் திட்டவும் செய்தார்கள். 'ஜூம் என்றால் மங்கல்' என்று பழைய ஸ்டுடியோக்காரர்கள் சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது. கம்ப்யூட்டர் கணக்கு, புதுக் கண்ணாடி வகைகள், பூச்சுகள் எல்லாம் வந்த பிறகு அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை. 1992-ல் டாம்ரான் 28 முதல் 200 வரை ஒரே லென்ஸில் அடக்கியது. பயணிகள் கொண்டாடினார்கள்.

நம் ஊரில் அப்போதும் பெரும்பாலோர் கையில் இருந்தது வேறு. கொஞ்சம் வசதியானவர்களிடம் அக்ஃபா கிளிக் 3, ஒரு சுருளில் 12 படம். கல்ஃபில் சொந்தக்காரர் இருந்தால் யாஷிகா. வங்கியில் எல்.எஃப்.சி. கிடைத்து டில்லி, ஆக்ரா போய்வந்த சகஊழியர்களின் ஆல்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் தாஜ்மஹாலும் குடும்பமும் ஒரே தொலைவில் நிற்கும். மாறாத லென்ஸ் என்றால் அப்படித்தான்.

இதற்கிடையில் குமரிமுனையின் காட்சியே மாறிக்கொண்டிருந்தது. 1892 டிசம்பரில் விவேகானந்தர் போய் அமர்ந்தபோது கடலில் இருந்தது வெறும் பாறை. 1970 செப்டம்பரில் நினைவு மண்டபம் திறக்கப்பட்டது. 2000 ஜனவரி 1 அன்று பக்கத்துப் பாறையில் 133 அடித் திருவள்ளுவர் எழுந்தார். 2024 டிசம்பர் 30 அன்று இரண்டையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் வந்தது. கரையிலிருந்து பார்ப்பவருக்கு ஒவ்வொரு தடவையும் படத்துக்குள் அடக்க வேண்டிய சங்கதி கூடிக்கொண்டே போயிற்று.

இனி குமாஸ்தாவின் கணக்கு. பாறை கரையிலிருந்து சுமார் 500 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சிலை 133 அடி, அதாவது 40 மீட்டரும் சொச்சமும். ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் 36-க்கு 24 மி.மீ. கேமராவைப் படுக்கைவாட்டில் பிடித்து 24 மி.மீ. லென்ஸில் எடுத்தால், சென்சாரில் சிலையின் உயரம் இரண்டு மி.மீ.கூடத் தேறாது. படத்தின் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 70-ல் கால் பங்கு. 105-ல் மூன்றில் ஒரு பங்கு. 200-ல் மூன்றில் இரண்டு. படகில் போய்ப் பீடத்தின் அருகே நின்று அண்ணாந்து பார்த்தாலோ நிலைமை தலைகீழ், 24-ம் திணறும். பாலத்தின் மறுமுனையில், நூறு மீட்டர் தள்ளி நின்றால், கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து 50, 60-ல் வள்ளுவர் வசமாக அமைவார். ஒரே காலையில் ஒரே சிலைக்கு மூன்று குவியத் தூரம். உப்புக் காற்றில் நின்று லென்ஸைக் கழற்றி மாட்டுவது புத்திசாலித்தனமல்ல. ஜூம் ஏன் என்று கேட்பவருக்கு இதுவே பதில்.

சூரியோதயம் பார்க்க வருபவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. சென்சாரில் சூரியனின் அகலம், குவியத் தூரத்தில் ஏறத்தாழ நூற்றுப் பத்தில் ஒரு பங்கு. 24-ல் கால் மி.மீ.கூட இல்லை, 105-ல் ஒரு மி.மீ. கண்ணுக்குப் பித்தளைத் தாம்பாளம் மாதிரி தெரிந்த சூரியன் போனில் கடுகாகிப் போவதற்குக் காரணம் இதுதான், போன்மேல் குற்றமில்லை. நம் போன்களின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் 24-லிருந்து 26 மி.மீ.க்குச் சமமானது. ஆக, அகலமான காட்சிக்குரிய லென்ஸ் உங்கள் சட்டைப்பையில் ஏற்கெனவே இருக்கிறது. பணம் கொடுத்து வாங்க வேண்டியது மறுமுனையை.

அதனால்தான் எல்லாரும் புகழும் 24–70, எஃப் 2.8 லென்ஸை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கல்யாண மண்டபத்துக்கு அது ராஜா. மலைக்கும் கடலுக்கும் 70-ல் நின்றுவிடுவது, பஸ் ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே இறக்கிவிடுகிற மாதிரி. இயற்கைக் காட்சியைப் பெரும்பாலும் எஃப் 8 பக்கம்தான் எடுக்கிறோம். 2.8-க்குக் கொடுக்கும் பணமும் அதன் கனமும் பையில் தூங்கும். ஃபுல் ஃபிரேம் வைத்திருப்பவர்கள் 24–105 அல்லது 24–120, எஃப் 4 வாங்குங்கள். கேனான், சோனி, நிக்கான் மூன்றிலும் இந்த வகை இருக்கிறது. சென்சார் சிறிதான, ஒன்றரை மடங்குக் கணக்குக் கேமரா என்றால் 16-லோ 18-லோ தொடங்கி 135, 140 வரை போகும் லென்ஸ் அதே வேலையைச் செய்யும். முடிந்தால் 16. பத்மநாபபுரம் அரண்மனையில் ஐந்து மீட்டர் தள்ளி நிற்க இடமிருந்தால் 24-ல் ஏழரை மீட்டர் அகலம் படத்தில் விழும், 28-ல் ஆறரைக்கும் கீழே. அந்த ஒரு மீட்டரில் ஒரு தூண் போய்விடும். 28–200 வாங்குகிறவர்கள் இந்த இழப்பைத் தெரிந்து வாங்கினால் சரி. அங்கே போனை எடுத்துக்கொள்ளலாம். தேரூர்க் குளத்துப் பறவைகளுக்கு இவை எதுவும் போதாது, அது தனிக் கதை.

ஒரு பராமரிப்புச் செய்தி. ஜூமைத் திருப்பும்போது பெரும்பாலான லென்ஸ்களில் குழாய் நீண்டு சுருங்கும். அப்போது உள்ளே காற்று போய்வரும். கடற்கரையில் மணலும் உப்பும் சேர்ந்து போகும். தூசி, ஈரம் புகாத காப்பு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் வெளிப்பக்கத்தைச் சற்றே ஈரமான துணியால் துடைத்துக் காயவிடுங்கள். முன்கண்ணாடிக்கு ஒரு ஃபில்டர் போட்டுவிட்டால் நிம்மதி.

முன்பு மனதில் வைக்கச் சொன்ன வயலுக்கு வருகிறேன். நாஞ்சில் நாடு என்றாலே நெல் என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. ஏலாக்களுக்குப் பின்னால் தாடகை மலையும் வேளிமலையும் எழுந்து நிற்கும் அந்தக் காட்சி நம் கண் முன்னாலேயே மனைகளாக மாறிக்கொண்டிருக்கிறது. நாம் குடியிருக்கும் இந்த இடமும் வயலாக இருந்ததுதான். சங்கத்தின் ஆண்டு மலருக்காக அந்த வயலின் பழைய படம் ஒன்று கிடைக்குமா என்று சென்ற வருஷம் வீடு வீடாகக் கேட்டேன். அரண்மனை இருந்தது, கோபுரம் இருந்தது, காந்தி மண்டபத்துக்கு முன்னால் குடும்பம் இருந்தது. வயல் ஒருவரிடமும் இல்லை. தினமும் பார்ப்பதை எடுக்க அன்று யாருக்கு ஃபிலிம் மிச்சம்?

மலையையும் வயலையும் சேர்த்து எடுப்பதற்கும் அந்த மறுமுனைதான் உதவும். 24-ல் வயல் விரிந்து மலை எறும்புப் புற்றாகிவிடும். வரப்பில் பின்னால் நகர்ந்து நின்று 85, 105-க்கு இழுத்தால், கண்ணுக்குத் தெரிகிற பிரமாண்டத்தோடு மலை வயலின் முதுகில் வந்து உட்காரும். பூதப்பாண்டி சாலையில் இன்னும் அப்படி நிற்க இடங்கள் உண்டு. காலை ஏழு மணிக்குள் போனால் வெயில் பக்கவாட்டில் விழும்.

புது லென்ஸ் வாங்கும் இரண்டு வீட்டாரும் மணாலிக்கும் ஊட்டிக்கும் புறப்படும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு அங்கே வாருங்கள். வேறு யாராவது வருவதானாலும் சனிக்கிழமைக்குள் காவலர் அறையில் பெயர் கொடுத்துவிடுங்கள். எடுத்த படங்களில் இடமும் தேதியும் எழுதி அனுப்பினால், சங்கத்தின் கம்ப்யூட்டரில் தனி ஃபோல்டரில் சேர்த்துவைக்கச் செயலாளர் சம்மதித்திருக்கிறார்.