ஒரு நூலும் இரண்டு ஊசியும்: கம்பளிப் பின்னலின் வரலாறு

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் என்னிடம் கட்டுரை கேட்டார்கள. கல்வெட்டு, சமணப் பள்ளி, ஏட்டுச் சுவடி என்று வழக்கம்போல் ஏதாவது எழுதித் தருவேன் என நினைத்திருப்பார்கள். ஸ்வெட்டர் பின்னுவதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் செயலாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, அது லேடீஸ் விஷயம் ஆச்சே" என்றார். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தச் சொல்தான்.

அடியேன் பண்டிதன் அல்லன். வந்தவாசிப் பக்கத்து நயினார் வீட்டுப் பிள்ளை. பள்ளிப் படிப்போடு நிறுத்திவிட்டு, 1982இல் தில்லிக்கு வந்து, கரோல் பாக் பக்கம் கம்பளி நூல் கடை வைத்தவன். முப்பத்தைந்து ஆண்டுகள் நூலை எடை போட்டு விற்றேன். அந்த நூல் வீட்டுக்குப் போய் என்ன ஆகிறது என்று யோசித்தது, கடையை மகனிடம் ஒப்படைத்த பிறகுதான்.

முதலில் ஒரு சொல் வேடிக்கை. இந்தியில் கம்பளி நூலுக்கு 'ஊன்' என்று பெயர். நமக்கோ ஊன் என்றால் இறைச்சி. எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் புலால் தொடாதது. நான் ஊருக்குப் போட்ட முதல் கடிதத்தில், இந்திப் பழக்கத்தில் 'இங்கே ஊன் கடை வைத்திருக்கிறேன்' என்று எழுதிவிட்டேன். பாட்டி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். ஆட்டைக் கொல்லாமல் அதன் மயிரைக் கத்தரித்து எடுக்கும் நூல் இது என்று அடுத்த கடிதத்தில் விளக்கம் எழுத வேண்டியதாயிற்று.

நெசவு வேறு, பின்னல் வேறு

ஆடை என்றால் தமிழனுக்கு நெசவுதான் நினைவுக்கு வரும். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரையின் அறுவை வீதி வருகிறது. பருத்தி நூல், மயிர், பட்டு ஆகிய மூன்றிலும் ஆன துணிகள் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருந்ததாக இளங்கோவடிகள் சொல்கிறார். ஆக, மயிரால் ஆன துணியை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். ஆனால் அது தறியில் நெய்த துணி.

தறியில் பாவு நீளவாட்டில் ஓடும், ஊடை குறுக்கே போகும். பின்னலுக்கு ஒரே நூல் போதும். நூலை ஒரு வளையமாக்கி, அதற்குள் அடுத்த வளையத்தை இழுத்துக்கொண்டே போவது, அவ்வளவுதான். வளையமாக இருப்பதால் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். கால், கை, தலை என்று வளைந்த உறுப்புகளுக்கு அது வாகாகப் பொருந்துவதும் இதனால்தான். கடைசி முடிச்சை அவிழ்த்து இழுத்தால் பின்னியது முழுவதும் மறுபடி நூலாகிவிடும். நெய்த சேலையில் இது நடக்காது.

இந்த வளையத்துக்கு இந்தியில் 'ஃபந்தா' என்று பெயர். சுருக்கு என்பது பொருள். தமிழில் 'கண்ணி' என்று சொல்லலாம். அதற்கும் அதே பொருள்தானே! கண்ணியை முன்பக்கமாகப் போட்டால் 'சீதா', மறுபக்கமாகப் போட்டால் 'உல்டா'. ஒரு சீதாவைத் திருப்பிப் பார்த்தால் அதுவே உல்டா. தில்லியில் பின்னும் நம் தமிழ்ப் பெண்களும் இந்த இரண்டு சொற்களைத்தான் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். உலகத்தில் உள்ள அத்தனை பின்னல் கோலங்களுக்கும் இந்த இரண்டும்தான் அடிப்படை.

எகிப்தின் காலுறை

எகிப்தில் 4, 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த கம்பளிக் காலுறைகள் கிடைத்திருக்கின்றன. பெருவிரலுக்குத் தனி இடம் விட்டுச் செய்தவை. செருப்போடு போட்டுக்கொள்ள அந்த ஏற்பாடு. பார்த்தால் பின்னல் போலவே இருக்கும். ஆனால் அவை ஒற்றைத் தையல் ஊசியால் முடிச்சு முடிச்சாகக் கோத்தவை என்பது இப்போது தெளிவாகிவிட்டது.

இரண்டு ஊசிப் பின்னல் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய மிகப் பழைய சான்றுகளும் எகிப்தில்தான் கிடைத்தன. பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத் போன்ற இடங்களில் கிடைத்த நீலமும் வெள்ளையுமான பருத்திக் காலுறைகள் அவை. 11 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை காலம் கணிக்கிறார்கள். சிலவற்றில் அரபு எழுத்துப் போன்ற கோலமும் உண்டு. இந்தக் கலை கம்பளியில் அல்லாமல் பருத்தியில் நமக்கு முதலில் தெரிய வருவது ஒரு வியப்பு. இன்னொன்று: அதே ஃபுஸ்தாத்தின் குப்பை மேடுகளில் குஜராத்திலிருந்து போன அச்சுத் துணித் துண்டுகளும் ஏராளமாகக் கிடைத்தன. நம் வணிகர்கள் அந்தச் சந்தைக்குச் சரக்கு அனுப்பியிருக்கிறார்கள்!

அங்கிருந்து இது ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவுக்குள் போயிருக்க வேண்டும். 1275இல் இறந்த ஸ்பானிய இளவரசர் ஃபெர்னாண்டோ டெ லா செர்டாவின் கல்லறையில் பட்டு நூலில் பின்னிய தலையணை உறை கிடைத்தது. கிறித்துவ இளவரசரின் தலையணையில் அரபு எழுத்து இருக்கிறது. பின்னிய கைகள் யாருடையவை என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. ஏறத்தாழ 1400இல் ஜெர்மானிய ஓவியர் பெர்ட்ராம், அன்னை மரியாள் நான்கு ஊசிகளில் குழந்தைச் சட்டை பின்னுவதாகவே வரைந்துவிட்டார். அதற்குள் வீட்டுக்கு வீடு தெரிந்த வேலையாகியிருக்க வேண்டும்.

ஆண்கள் பின்னிய காலம்

இப்போது செயலாளரின் கேள்விக்கு வருகிறேன். 1527இல் பாரிஸ் நகரில் பின்னலாளர் சங்கம் அமைந்தது. அதுபோன்ற சங்கங்களில் தேர்ச்சி பெற்ற கைவினைஞர்கள் ஆண்கள். ஆல்சேஸ் பகுதியில் ஒருவன் 'ஆசான்' பட்டம் பெற வேண்டுமானால், பூவும் பறவையும் நிறைந்த பெரிய பல வண்ணக் கம்பளத்தைக் கையால் பின்னிக் காட்ட வேண்டும். 17, 18ஆம் நூற்றாண்டுகளின் அத்தகைய கம்பளங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. பிரான்சின் லாந்து சதுப்பு நிலத்தில் ஆடு மேய்த்தவர்கள், மரக்கால்மேல் நின்றபடியே காலுறை பின்னினார்கள். பெரு நாட்டின் தக்கீலே தீவில் இன்றும் குல்லாய் பின்னுவது ஆண்கள் வேலை. அத்தீவின் துணிக்கலையை யுனெஸ்கோ 2005இல் மனித குலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது.

பிறகு இயந்திரம் வந்தது. 1589இல் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் அருகே வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் சட்டகத்தைக் கண்டுபிடித்தார். கைப்பின்னலை நம்பியிருக்கும் ஏழைகள் பிச்சை எடுக்க நேரும் என்று எலிசபெத் அரசியார் உரிமம் தர மறுத்ததாகச் சொல்வார்கள். லீ பிரான்சுக்குப் போய், அங்கேயே இறந்தார். அவர் சட்டகம் மட்டும் பிழைத்துக்கொண்டது. அதே நாட்டிங்ஹாமில் 1811இல் சட்டகப் பின்னலாளர்கள் கூலிக் குறைப்பை எதிர்த்து இயந்திரங்களை உடைத்தது தனி வரலாறு. தொழில் இயந்திரத்துக்குப் போகப் போக, கைப்பின்னல் வீட்டுக்குள் ஒதுங்கியது. 'லேடீஸ் விஷயம்' ஆனது அப்படித்தான்.

ஆனாலும் அவசரம் வந்தபோதெல்லாம் அந்தக் கைகளைத்தான் தேடி வந்தார்கள். 1854இல் கிரிமியப் போர். பாலக்லாவா என்ற போர்க்களத்தின் பெயரில் வழங்கும் முகம் மூடும் குல்லாய்தான் தில்லிக் குளிரில் நாம் மாட்டிக்கொள்ளும் 'மங்கி குல்லா'. அதே போரில் படை நடத்திய கார்டிகன் பிரபுவின் பெயர் முன்பக்கம் திறந்த ஸ்வெட்டருக்கு நிலைத்தது. 1914இல் பிரிட்டிஷ் படைக்காக 3 லட்சம் ஜோடி காலுறைகள் பின்னித் தருமாறு பெண்களிடம் கேட்டார்கள். 1962இல் சீனப் போரின்போது, போதிய குளிராடை இல்லாமல் மலையில் நின்ற நம் ஜவான்களுக்காக நாடெங்கும் பெண்கள் ஸ்வெட்டர் பின்னி அனுப்பினார்கள்.

நம் நாட்டில்

இந்தியாவில் இந்தக் கலை பரவியது 19ஆம் நூற்றாண்டில், ஆங்கிலக் குடும்பங்கள் வழியாகவும் மிஷன் பள்ளிகள் வழியாகவும். பிறகு கம்பளி ஆலைகள் வந்தன: கான்பூர் லால் இம்லி 1876, பஞ்சாபின் தாரிவால் 1880. லூதியானாவின் கதை இன்னும் பழையது. 1833 பஞ்சத்தில் காஷ்மீரிலிருந்து வந்த சால்வை நெசவாளர்கள் அங்கே குடியேறினார்கள். அந்தக் கைத்திறன்மேல்தான் பின்னால் பின்னலாடைத் தொழில் எழுந்தது. ஓஸ்வால் கம்பளி ஆலை 1949இல் தொடங்கியது. 1965இல் தொடங்கிய இன்னொரு பெரிய நூல் நிறுவனத்துக்கு 'வர்த்தமான்' என்று பெயர். மகாவீரரின் பெயர்! நான் முதல்முறை சரக்கெடுக்க லூதியானா போனபோது, "மதராஸில் ஜைனர்களா?" என்று அங்குள்ள வியாபாரிகள் நம்பவே இல்லை. இரண்டாயிரம் ஆண்டாக இருக்கிறோம் என்று சொல்லி, கடனுக்குச் சரக்கு வாங்கி வந்தேன்.

தமிழகத்தில் குளிர் இல்லாததால் கம்பளி இல்லை. பருத்தியில் திருப்பூர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அங்கே தயாராகும் 'பனியன்' என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? குஜராத்தி வணிகரைக் குறிக்கும் 'வாணியோ' என்ற சொல் போர்த்துக்கீசியர் வாயில் 'பனியன்' ஆனது. பிறகு அவர்கள் உடுத்திய தளர்ந்த சட்டைக்கும், கடைசியில் உள்ளாடைக்கும் அதுவே பெயராயிற்று. வியாபாரியின் பெயரைத்தான் எல்லோரும் உடம்பில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

தில்லி வெயிலில்

1980களில் இங்கே வந்தவர்களுக்கு நினைவிருக்கும். டிசம்பர் மாதம், மதிய இடைவேளை. சர்க்கார் அலுவலகப் புல்வெளியெல்லாம் பெண்கள். மடியில் வேர்க்கடலை, கையில் ஊசி. இந்திப் பெண்கள் இதழ்கள் குளிர்காலம் தவறாமல் 'புனாய் சிறப்பிதழ்' போடும். நம் பெண்கள் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாக்களிடம் கற்றுக்கொண்டார்கள். என் துணைவியாரும் 1986இல் மாடி வீட்டு சர்தார்ணி அம்மாவிடம்தான் கற்றுக்கொண்டார். இவருக்கு அப்போது இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. விரலைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார்.

என் கடைக்கு வருபவர்கள் ஊசி நம்பரைச் சொல்லிக் கேட்பார்கள். 10ஆம் நம்பர் 3.25 மில்லிமீட்டர், 12ஆம் நம்பர் 2.75. நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். கம்பியை அச்சுத் துளைகளில் இழுத்து இழுத்து மெலிய வைக்கும் பழைய ஆங்கிலக் கணக்கு அது. அங்கேயே மில்லிமீட்டருக்கு மாறிவிட்டார்கள். நம் ஊர்க் கடையில் பழைய நம்பர்தான் இன்னும் ஓடுகிறது. நூல் 'லச்சி'யாக வரும். வீட்டுக்காரர் இரண்டு கைகளையும் நீட்டி அதை மாட்டிக்கொண்டு உட்கார, அம்மா உருண்டையாகச் சுற்றுவார். எத்தனையோ குடும்பச் சண்டைகள் அந்த அரை மணி நேரத்தில் தீர்ந்திருக்கின்றன!

எங்கள் பெரியவனுக்குப் பின்னிய நீல ஸ்வெட்டர், அவன் வளர்ந்ததும் பிரிக்கப்பட்டது. பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும். அதை அலசி, அடியில் கனம் கட்டித் தொங்கவிட்டால் நேராகும். மஞ்சள் நூல் கொஞ்சம் சேர்த்துச் சின்னவனுக்கு ஆயிற்று. பிறகு எனக்கு மஃப்ளர். பதினைந்து வருஷம் அந்த நூல் வீட்டிலேயே சுற்றிவந்தது. நூல் வியாபாரிக்கு இது நஷ்டம்தான்.

ஒருநாள் வியாபாரி புத்தியில் கேட்டேன்: "ரெடிமேட் இருநூறு ரூபாய்க்கு வருது. நூலுக்கே அதைவிட ஆகுது. எதுக்கு இந்தக் கஷ்டம்?" அவர் ஊசியை நிறுத்தவில்லை. "உங்க கணக்குல நூல் விலை மட்டும்தாங்க இருக்கு. சாயங்காலம் ரெண்டு மணி நேரம் நான் எனக்குன்னு உக்காருறேன். அதுக்கு என்ன விலை போடுவீங்க?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. இப்போது வரலாற்றைப் படித்த பிறகு தெரிகிறது. 1589இலேயே இயந்திரம் வந்தும் இந்தக் கைவேலை அழியாததற்கு இதுதான் காரணம். தேவைக்கு இயந்திரம் இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஊசிதான் வேண்டும்.

2019இல் அவருக்கு விரல் மூட்டில் வலி வந்தது. பேத்திக்கு ஆரம்பித்த ஸ்வெட்டர் பாதியில் நின்றது. ஒரு குளிர்காலம் முழுவதும் அது அலமாரியில் ஊசியோடு கிடந்ததைப் பார்த்தேன். பிறகு நானே எடுத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, முதலில் ஒரு மஃப்ளரில் பழகினேன். 40 கண்ணியில் தொடங்கியது, முடியும்போது 47 ஆகியிருந்தது. ஏழு எங்கிருந்து வந்தது என்று இருவருக்குமே தெரியவில்லை. ஆனால் அன்று சிரித்ததுபோல் நாங்கள் சிரித்துப் பல காலம் ஆகியிருந்தது.

ஒரு வேண்டுகோள்

அப்படிக் கற்கும்போதுதான் எனக்கு ஒரு கவலை வந்தது. என் துணைவியாருக்கு முப்பது, நாற்பது கோலங்கள் மனப்பாடம். சிலவற்றுக்கு இந்திப் பெயர், சிலவற்றுக்கு அவரே வைத்த தமிழ்ப் பெயர். எதுவும் எழுத்தில் இல்லை. கல்வெட்டைத் தேடி மலை ஏறும் நான், வீட்டுக்குள் இருந்ததைப் படி எடுக்கவில்லை. நம் சங்கத்துக் குடும்பங்களில் இப்படி எத்தனை பேர் இருப்பார்கள்? பழைய ஸ்வெட்டர் பிரிந்துபோகும், அல்லது பூச்சி அரித்துவிடும். தெரிந்தவர் போய்விட்டால் கோலமும் போய்விடும்.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க மாடியில் வெயில் காய உட்காருவோம். வீட்டில் உள்ள பழைய பின்னல் ஒன்றைக் கொண்டு வாருங்கள். பின்னியவர் யார், யாரிடம் கற்றார், எத்தனை கண்ணி, எந்த நம்பர் ஊசி, கோலத்தின் பெயர் என்ன என்று ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைப்போம். ஆண்களும் வரலாம், நான் இருக்கிறேன்.

பேத்தியின் ஸ்வெட்டரில் ஒரு கை இன்னும் பாக்கி. அவள் வளர்ந்துகொண்டே போவதால் இரண்டு முறை பிரித்து, கண்ணியைக் கூட்டிப் பின்னியாயிற்று.