இரண்டு கோளாறுகளுக்கு நடுவே

பெங்களூரில் 1847ஆம் ஆண்டு மருத்துவர் சார்லஸ் இர்விங் ஸ்மித் தொடங்கிய மனநோயாளர் விடுதி 'லூனாடிக் அசைலம்' என்றே அழைக்கப்பட்டது. 1925இல் மைசூர் அரசு அதனை 'மனநோய் மருத்துவமனை' என்று மாற்றியது. 1954இல் அதனையொட்டி அகில இந்திய மனநலக் கழகம் எழுந்தது. 1974 டிசம்பர் 27 அன்று இரண்டும் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயின. பைத்தியம், மனநோய், மனநலம் என்று ஒரே நிறுவனத்தின் பெயர்ப்பலகை 127 ஆண்டுகளில் நகர்ந்த தூரம் இது.

நோயாளியின் கோப்பில் எழுதப்படும் பெயர்கள் அவ்வளவு தூரம் நகரவில்லை. 'ஆளுமைக் கோளாறு' அவற்றுள் ஒன்று. தமிழில் 'ஆளுமை' ஒரு புகழ்ச்சொல். அறிஞரையும் தலைவரையும் அச்சொல்லால் சிறப்பிக்கிறோம். அதனோடு 'கோளாறு' சேரும்போது நோய் வந்ததாக அன்றி, ஆளே பழுதானதாக ஒலிக்கிறது. 'பார்டர்லைன்' என்ற அடைமொழியின் கதையும் விசித்திரமானது. நியூரோசிஸுக்கும் சைக்கோசிஸுக்கும் இடையே நிற்பவர்களைக் குறிக்க 1938இல் அடால்ஃப் ஸ்டெர்ன் அதனைக் கையாண்டார். அந்த எல்லைக்கோடு மருத்துவத்தில் அழிந்துவிட்டது. பெயர் மட்டும் எஞ்சியது.

இப்பெயரை இளையோர்க்குச் சூட்டலாமா என்பதே நெடுநாள் வழக்கு. பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 10ஆம் பதிப்பு, 16 அல்லது 17 வயதுக்கு முன் இது பெரும்பாலும் பொருந்தாது என்றது. வளரும் இயல்பின்மேல் நிலையான முத்திரை விழலாகாது என்னும் கருணை அதில் உண்டு. ஆயினும் உணர்ச்சிக் கொந்தளிப்பும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கமும் பெரும்பாலும் அந்த வயதில்தான் தலைகாட்டுகின்றன. பெயர் மறுக்கப்பட்ட துன்பத்தை வீடு 'வயசுக் கோளாறு' என்று தள்ளிவிடுகிறது, சிகிச்சை பிந்துகிறது.

தவறான பெயரும் தீங்கே. 1961இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகர மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்ட 17 வயதுப் பெண்ணுக்கு 'மனச்சிதைவு' என்று எழுதினர். தற்கொலை எண்ணத்தோடு போராடுவோர்க்கான டிபிடி சிகிச்சையைப் பின்னாளில் வகுத்த மார்ஷா லினஹன்தான் அப்பெண். தம் கதையை 2011இல் அவரே வெளியிட்டார்.

2022 முதல் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பு பழைய உள்வகைகளைக் கைவிட்டு, கோளாறு எவ்வளவு கடுமையானது என்றே முதலில் கேட்கிறது. பதின்வயதினர்க்கும் கதவைத் திறக்கிறது. ஆனால் 'பார்டர்லைன்' அங்கும் ஒரு துணைக்குறிப்பாகத் தங்கிவிட்டது.

1954இல் பெங்களூரில் பெயரோடு பணியும் மாறியது: காவலிடத்தின் அருகே பயிற்சியும் ஆய்வும் தொடங்கின. இளையோரின் கோப்பில் எழுதப்படும் பெயருக்கும் அதே அளவுகோல் பொருந்தும். இது மாறக்கூடியது, இதற்குச் சிகிச்சை உண்டு என்ற இரண்டு செய்திகளும் கூடவே சொல்லப்பட்டால்தான் அது நோயறிதல். இல்லையேல் வெறும் வசைச்சொல்.