தொண்டையில் ஒரு துளை: எப்போது?

கழுத்தின் முன்புறத்தை மெல்லத் தடவிப் பாருங்கள். வளையங்கள் தட்டுப்படுகின்றன அல்லவா? அதுவே மூச்சுக்குழல். அதில் துளையிட்டுக் குழாய் செருகி உயிர் காக்கும் அறுவை மிகப் பழமையானது. அதை எப்போது செய்வது என்பதே கேள்வி.

1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் திணறிய முதல் 31 பேரில் 27 பேர் மாண்டனர். விழுங்க இயலாமல் எச்சில் நுரையீரலுக்குள் இறங்கியது. ஆகஸ்டு 27-இல் மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன், 12 வயதுச் சிறுமியின் மூச்சுக்குழலில் துளையிடச் செய்தார். சளியை உறிஞ்சி எடுத்து, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள்! பின்னர் சுமார் 1500 மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் பைகளை அமுக்கினர்.

அப்படியானால் விரைவில் துளையிடுவதே நன்று என எண்ணுகிறீர்களா? இன்று வாய்வழிக் குழாய் மூலமே இயந்திரம் மூச்சளிக்கிறது. நாட்கள் நீண்டால்தான் துளை. பிரிட்டனில் 909 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. 4 நாட்களுக்குள் துளையிடுவது என ஒரு பிரிவு. 10 நாட்கள் பொறுத்திருப்பது என மற்றொன்று. இறப்பில் வேறுபாடு இல்லை. பொறுத்திருந்தவர்களில் பாதிப்பேருக்குக்கூடத் துளையிட நேரவில்லை. பலர் அதற்குள் தேறிவிட்டனர்.

2020-இல் கொரோனா வந்தபோது வேறோர் அச்சமும் சேர்ந்தது. துளையிடுகையில் கிருமி மருத்துவர்மீது தெறிக்கும். ஆகவே பல வழிகாட்டிகள் பொறுத்திருக்கச் சொல்லின.

நாட்காட்டியைப் பார்த்தன்று, நோயாளியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டிய அறுவை இது.